அப்பாவின் முட்டிக்கு நான்தான் வக்கீல்

வக்கீல் வைக்காமல் ஆக்சிடெண்ட் நஷ்டஈடு பேசுவது முழுநேர வேலை. சம்பளமும் கிடையாது, ராஜினாமாவும் பண்ண முடியாது. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்கள் ரோட்டில் பார்த்துப் போங்கள்.

அப்பாவுக்குக் கோட்டைக்குள் ஒரு சின்னக் கோவிலில் மடப்பள்ளிச் சமையல். சாயங்காலம் நடை திறக்கிற நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கார் ஸ்கூட்டரில் இடித்து வலது முட்டி உடைந்தது. பிளேட் வைத்தாயிற்று. முட்டி பழையபடி மடங்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்கு எங்களுக்கு வக்கில்லை; காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தந்தால்தான் உண்டு. வக்கீலைக் கேட்டால் வருவதில் பங்கு கேட்டார். நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். பிடிக்கவில்லை, நிறுத்தினேன், அவ்வளவுதான். "சும்மாதானேடி இருக்கே" என்று அம்மா ஃபைலை என் மடியில் போட்டாள்.

புதுக் கார்

இடித்த ஆசாமி ஒரு பை ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, போலீஸ் கேஸ் வேண்டாம், செலவெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எந்தச் செலவு? அதுவரை ஆரஞ்சு மட்டும்தான் அவர் செலவு. கேஸ் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது என்று எனக்கே தெரியும். அப்பா என்னடாவென்றால் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்! ஆசாமி போனதும் நான் கத்தின கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள். அப்பா மெதுவாகச் சொன்னார்: "பாவம்டி, புது வண்டியாம், பம்பரே போயிடுத்தாம்!"

பெரியவர்கள் இல்லையா?

போலீஸில் புகாரை நானே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். மலையாளியான கவுண்டர்காரர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"வக்கீல் எவிடே?"

"இல்லை."

"அச்சன்?"

"கால் ஒடிஞ்சு கிடக்கார். அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்?"

அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். அந்த ஜன்னல் இந்த ஜன்னலுக்கே திருப்பி அனுப்பியது. பொறுமை போய், எக்ஸ்ரேயை அவர் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினாற்போல் பிடித்தேன். முட்டிக்குள் பிளேட்டும் ஸ்க்ரூவும் பளிச்சென்று தெரிந்தன. அவர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் சொன்னது இதுதான்: "கல்யாணம் கழிஞ்ச ஆரையாவது கூட்டிக்கொண்டு வா, மோளே!"

வாங்கோ, வாங்கோ

விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவார் என்று தகவல் வந்தது. அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது என்று சொல். பொய் சொல்லச் சொல்லவில்லை, உள்ளதைத்தானே சொல்லச் சொன்னேன்! சரி சரி என்று தலையை ஆட்டினார்.

விசாரணைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, அப்பா ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் எழுந்து நின்று, "வாங்கோ, வாங்கோ!" என்று இரண்டு கையையும் நீட்டுகிறார். "சுகமல்லே?" என்று கேட்டார் வந்தவர். "பகவான் கிருபையில சுகமாயிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. அந்த ஆள் உடனே எழுதிக்கொண்டார். அம்மா அவருக்குச் சுடச்சுட அடை வேறு போட்டாள். அவர் போனபிறகு நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. அம்மா என்னைத்தான் திட்டினாள்: "ஆத்துக்கு வந்தவாளை உக்காந்துண்டேவா வான்னு கூப்பிடுவா?"

உருளி

கம்பெனியின் பதில் வந்தது. ஆள் நன்றாக நிற்கிறார், நடக்கிறார், இரண்டாவது ஆபரேஷன் அவசியமில்லை. இதுவரை ஆன பில்லுக்கு மட்டும் தருவோம். அப்பாவை ஆட்டோவில் ஏற்றி மானேஜரிடமே கூட்டிப்போனேன். வழியெல்லாம், "நீ வாயே திறக்காதே, நான் பேசிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மானேஜர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "சாமிக்கு வேலை என்னவாக்கும்?" என்றார். வேலையைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

"பாயச உருளியை நின்னுண்டு இறக்கப்படாது சார், தளும்பிடும். முட்டியை மடக்கி, நன்னாக் கீழ போயி, ரெண்டு பக்கமும் பிடிச்சு..." என்று ஆர்வத்தில் எழுந்து செய்தே காட்டப் போனார். முட்டி மடங்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்போ வேற ஒருத்தன் இறக்கறான். நான் பார்த்துண்டு நிக்கறேன்."

ஒரு வாரமாக, கோவிலுக்கு மேற்பார்வைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மானேஜர் அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படித்தார். டாக்டர் எழுதிய சீட்டை என்னிடம் கேட்டு வாங்கி, ஆபரேஷன் செலவையும் சேர்த்து எழுதினார். நான் கேட்டது முழுசும் இல்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பாதிதான். அதற்கு நான் சண்டையை ஆரம்பிப்பதற்குள் அப்பா கை கூப்பிவிட்டார்: "சாருக்கு வீணா சிரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்கணும்."

வக்கீல் இல்லாமல் கம்பெனியோடு மல்லுக்கட்டிவிடலாம், நல்ல மனுஷனைக் கட்சிக்காரனாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டத்தான் முடியாது.