இரண்டு கையாலும் பிடித்த கயிறு

அஜின்கோர்ட்டில் இருக்கும் ஜோசப்பினுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹோட்டல் ஒன்றின் லோண்டரியில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகள் தோய்க்கிறாள். பகல் முழுக்கத் தண்ணீரோடுதான் சீவியம். ஆனாலும் முழங்காலுக்கு மேலே தண்ணீர் நின்றால் நெஞ்சு பதறும். நீச்சலும் தெரியாது.

கணவன் பஸ்ரியனுக்கோ படகென்றால் உயிர். பழைய படகொன்றை வாங்கி, இரண்டு வருடமாகத் திருத்தி வைத்திருந்தார். அவள் ஏறாத படகில் தனியே போக அவருக்கு மனமில்லை. கடைசியில் விற்க ஆள் பார்த்தார். பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ஒருவர் ஞாயிறு பின்னேரம் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னம் ஒரேயொரு முறை தன்னோடு வரச் சொல்லிக் கேட்டார். கேட்ட விதத்தில், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை ட்ரென்ற் ஆற்றில் படகை இறக்கினார்கள். கொஞ்சத் தூரம் போனதும் அணைக்கட்டு. ஒரு பக்கம் மின்சார நிலையம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் படகுகளை ஏற்றி இறக்கும் லொக். கிணறுபோல உயர்ந்த சுவர்களுக்குள் படகு நுழைந்ததும் பின்கதவு மூடும். தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு மேல் ஆற்றுக்கு ஏறும்.

பஸ்ரியன் எஞ்சினை நிறுத்தினார். சுவரில் தொங்கும் கறுப்பு வடத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முனையைக் கையில் பிடிக்கவேண்டும். படகு ஏறுவதால் கட்டக்கூடாது, விடவும் கூடாது. பின்பக்கம் அவர், முன்பக்கம் அவள்.

"உம்மட ஹோட்டல் மெஷினெல்லாம் உந்தத் தண்ணியிலதான் ஓடுது போல," என்று மின்சார நிலையத்தைக் காட்டினார். பயத்தைப் போக்கத்தான் சொன்னார்.

கதவு மூடியது. வெளிச்சம் குறைந்தது. சுவரெல்லாம் பாசி. ஆளில்லாத கோவிலுக்குள் நிற்பதுபோலக் குளிர்ந்த அமைதி. கீழே தண்ணீர் குமிழியிட்டது. யோசிக்கமுன்னமே அவளது வலது கை சிலுவை போட நெற்றிக்குப் போனது. இடது கை நெஞ்சோடு சேர்ந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கயிறு தண்ணீரில் கிடந்தது. படகின் முன்பக்கம் சுவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

பஸ்ரியனால் தன் கயிற்றை விட்டு வரமுடியாது. "கொக்கித் தடி காலடியில கிடக்கு, எடும்," என்றார். சத்தம் போடவில்லை.

லோண்டரியில் பெரிய மெஷினின் அடியில் சுருண்டு கிடக்கும் விரிப்பைத் தடியால் கோலி எடுப்பது அவளுக்கு நித்தமும் வேலை. அதே பொறுமையோடு எட்டி, வடத்தைக் கொழுவி இழுத்தாள். படகு சாதுவாய் வந்து சுவரோடு ஒட்டியது. கயிற்றைத் தூக்கித் திரும்பவும் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிறகுதான் ஏறுவது தெரிந்தது. குலுக்கமில்லை. உறங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோலத் தண்ணீர் அவளைத் தூக்கியது. ஈரச் சுவர் மெதுவாய்க் கீழே போனது. முதலில் புல் நுனி, பிறகு லொக்கில் வேலைசெய்யும் பெட்டையின் சப்பாத்து, பிறகு அவளது சிரிப்பு, பிறகு வானம். முன்கதவு திறக்க, மேல் ஆறு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. ஆண்டவரே, இது நீர் விரிச்ச விரிப்போ என்று மனதுக்குள் கேட்டாள்.

அங்கேயே மரநிழலில் படகை நிறுத்திப் புட்டுச் சாப்பிட்டார்கள். விற்கும் கதையை இருவரும் எடுக்கவில்லை. திரும்பும்போது அதே லொக், இம்முறை இறங்கவேண்டும்.

"அஜக்ஸ் ஆளை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அப்ப சிலுவை?" என்றார்.

"அதை முதலே போட்டிடுவன்."

அப்படியே, கதவு மூடமுன்னம் ஆறுதலாய்ச் சிலுவை போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தாள்.