ஒல்லாந்து மேசையும் மச்சாளின் அவசரமும்

எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஒல்லாந்துக்காரி இருந்தாள். இங்கிலீஸ்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒவ்வொரு கோடைக்கும் பூங்காவில் எங்கள் வட்டாரத்து விழா நடக்கும். நாட்டுக்கு ஒரு மேசை. சமோசா விற்கும் மேசையில் தள்ளுமுள்ளு நடக்கும்போது, இவள் மரச்சப்பாத்துகளை அடுக்கி வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னாள்: "இந்த முறையும் ஒருவரும் வராவிட்டால், இனி நான் மேசையே கேட்கமாட்டேன்." தன் மொழியில் ஒரு சொல் கேட்க இந்தத் தெருவில் ஆளில்லை என்றும் சொன்னாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "நானும் வந்து நிற்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

துணைக்கு மச்சாளையும் இழுத்துக்கொண்டு போனேன். என் கணவரின் அக்கா. அவருக்கு இங்கிலீஸ் 'தாங்க்யூ'வோடு சரி. ஆனால் அவர் வாய் திறந்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

மத்தியானம் வரை ஒரு குஞ்சும் வரவில்லை. அவள் சுட்ட குட்டி அப்பங்கள் ஆறிப்போயின. பாகு தடவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த மசாலாக் கேக் துண்டுகள் காற்றில் சும்மா ஆடின. அவற்றைக் கண்ணையும் கட்டி, கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டாம். வருசப்பிறப்புக்கு நாங்கள் பன் ரொட்டியை, எங்கள் பணிஸை, கட்டி விளையாடுவதேதான்! அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மச்சாளுக்கு அவசரம் வந்துவிட்டது.

"பிள்ளை! இஞ்ச கக்கூசு எங்கையடி?"

"ஐயோ மச்சாள், மெல்லக் கதையுங்கோ!"

ஒல்லாந்துக்காரியின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "என்ன சொன்னார்?" என்று இங்கிலீசில் கேட்டாள். நான் கூச்சத்தோடு திருப்பிச் சொன்னேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கக்கூசு அவளுடைய மொழிச் சொல்லாம்! நாலு பேருக்கு முன்னால் மரியாதையானவர்கள் சொல்லாத சொல்லாம். சிரித்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது முழுக்கச் சிரிப்பில் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் யாழ்ப்பாணத்தை ஒருகாலத்தில் ஒல்லாந்தர் ஆண்டவர்கள்தானே! எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மேசையின் இழுப்பறையை இழுத்துக் காட்டி, "லாச்சி!" என்றேன். "லாச்யே!" என்று கத்தினாள். ஆபீசுக்குக் கந்தோர் என்றேன், "கான்ட்டோர்!" பீன்ஸுக்குப் போஞ்சி என்றேன், "போன்ச்யே!" இவ்வளவு நாளும் தமிழென்று நினைத்து நான் வாயில் வைத்திருந்ததெல்லாம் அவள் வீட்டுச் சாமான்.

போன அலுவலை முடித்துவிட்டு வந்த மச்சாளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், பூங்காவே அதிர்ந்தது.

"எடியே, கோட்டையைக் கட்டினவை கக்கூசையும் எங்களிட்டை விட்டிட்டுத்தான் போயிருக்கினம்! ஓடிவாங்கோ எல்லாரும்! எங்கட யாழ்ப்பாணத்துச் சொல்லு இஞ்ச கிடக்கு!"

ஹை ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கிக்கொண்டு விழா பார்க்க வந்த எங்கள் சனம் பைகளோடு திரண்டு வந்தது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பழைய சொல்லை எடுத்துவிட்டார்கள். சில சரி, பல பிழை. பிழையானதற்கும் அவள் கைதட்டினாள். மச்சாள் சேலையை இழுத்துச் செருகி, கண்ணைக் கட்டிக்கொண்டு, கேக்கை ஒரே கவ்வில் பிடித்தார். மூக்கு முழுக்கப் பாகு! நான் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது. யாரோ கதையின் நடுவே எதற்கோ "ஓம், ஓம்" என்று தலையாட்ட, அதென்ன என்று ஒல்லாந்துக்காரி கேட்டாள். 'யெஸ்' என்றேன்.

பின்னேரம் அப்பமும் இல்லை, கேக்கும் இல்லை. வெறும் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டிக்காரர் வந்து, "வருகிற வருடமும் உங்களுக்கு மேசை வேண்டுமா?" என்று கேட்டார்.

அவள் மச்சாளைப் பார்த்தாள். பிறகு, மச்சாளின் அதே சத்தத்தில் சொன்னாள்:

"ஓம்!"