சட்டை கழற்றாத அண்ணை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர், அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று ஒருமுறையாவது சொன்னவர்கள். கோபிக்க வேண்டாம், நானும் சொன்னவள்தான். உங்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய பிள்ளைகளால் வர முடியாததால், இதை எழுதும் பொறுப்பைத் தங்கச்சியாகிய நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணை புங்குடுதீவு மடத்துவெளியில், தோட்டக்காரரான எங்கள் ஐயாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கொழும்பில் சட்டம் படித்து அங்கேயே தொழில் செய்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினார். அதற்கு முன்பே அண்ணி காலமாகியிருந்தார். அடுத்த வருடம் தீவுப்பகுதிக்கு நீதவானாக வர ஒருவரும் சம்மதிக்காததால், சொந்த ஊர்க்காரர் என்றும் பாராமல் அண்ணையையே போட்டார்கள்.

அன்று தொடக்கம் அவர் எங்கள் எவர் வீட்டிலும் கை நனைக்கவில்லை. என் மகளின் கலியாணத்துக்கும் வந்து வாசலில் நின்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். கேட்டதற்கு, "இண்டைக்கு எனக்குச் சோறு போடுறவன் நாளைக்குக் கூண்டிலை வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது?" என்றார். அவருக்கிருந்த ஒரே சந்தோசம் கோடு, அதுதான் நீதிமன்றம், முடிந்தபின் சாட்டிக் கடலில் நீந்துவதுதான்.

அதே கடற்கரையில்தான் ஒருநாள் ஒரு மீன்பிடிகாரரின் உடல் ஒதுங்கியது. கடலில் மூழ்கிச் செத்தவர் என்று எழுதிவிடும்படி அண்ணைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் துவக்குக்காரர், துப்பாக்கி ஏந்தியவர்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இங்கே எழுதமாட்டேன், நான் இன்னும் இந்த மண்ணில்தான் இருக்கிறேன். அண்ணை நேரே போனார். உடலைப் புரட்டச் சொன்னார். மணிக்கட்டுகளில் கயிறு அறுத்த காயம். பின்மண்டை பிளந்திருந்தது. முதுகில் கம்பியால் அடித்த ஒன்பது அடி, சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. ஒவ்வொரு காயமாக அண்ணை உரத்துச் சொல்ல, கோட்டு எழுதுவினைஞர் எழுதினார். இடையில் ஓடிப்போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்தும் எழுதினார். கடைசியில் 'இது கொலை' என்று அண்ணை கையெழுத்து வைத்தார்.

நாலாம் நாள் பட்டப்பகலில் கோட்டிலிருந்து சைக்கிளில் வந்த அண்ணையைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து நடந்து வந்தார். சட்டைத் தெறிகள் கழுத்துவரை பூட்டியிருந்தன. "இறங்குதுறைப் படியிலை வழுக்கி விழுந்தனான்" என்றார். நாங்களும் நம்பினோம். திங்கட்கிழமை கோட்டுக்குப் போனார். அன்றிலிருந்து கதிரையில் சாய்ந்ததே இல்லை. நீதவான் விறைப்பாகிவிட்டார் என்று ஊர் கதைத்தது. கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். செத்தவரின் மனைவி மட்டும் வழக்குத் தவணை தவறாமல் வந்து அவர் முன்னால் சாட்சி சொன்னார்.

அந்த வருடம் நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்து உபயம். மூத்த ஆண்பிள்ளை மேற்சட்டை இல்லாமல் போய் அம்மாளுக்கு முன்னால் காளாஞ்சி என்னும் கோயில் மரியாதையை வாங்க வேண்டும். ஐயர் காத்து நிற்கிறார், அண்ணை கிணற்றடியில் சட்டையோடு நிற்கிறார். எனக்குக் கொதி வந்துவிட்டது. சனம் எல்லாம் கேட்கக் கத்தினேன். "கோட்டிலை எல்லாரும் எழும்பி நிக்கினம் எண்டதுக்காக, அம்மாளுக்கு முன்னாலையும் சட்டை கழட்ட ஏலாதோ?"

"ஏலாது தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். ஆட்கள் சிரித்தார்கள். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் வள்ளத்தில் ஏறிப் போய்விட்டார். ஐந்து வருடம் நாங்கள் பேசவில்லை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவே ஓடியது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டுக்கு அண்ணையும் ஒரு பையோடு வந்தார். பழையபடி பேசிக்கொண்டோம், கோயில் கதையை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. போன வருடம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்போதும் என்னைச் சட்டையில் தொட விடவில்லை. ஒருநாள் வியர்வையில் நனைந்து ஒட்டிப்போன சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். முதுகு முழுக்கக் கம்பித் தழும்பு. பெருவிரல் மொத்தம், தோளிலிருந்து இடுப்புவரை. எண்ணினேன், ஒன்பது. செத்தவருக்கு அடித்த கணக்கையே அண்ணைக்கும் அடித்திருக்கிறார்கள். பனையில் கட்டிவைத்து, ஒவ்வொரு அடிக்கும் 'மாத்தி எழுது' என்றார்களாம்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்று அழுதேன்.

குழறிக் குழறித்தான் சொன்னார். "நீதவானுக்கே அடிச்சுப்போட்டாங்கள் எண்டு தெரிஞ்சால் அந்த மனுசி பிறகு கோட்டுப் படி மிதிக்குமோ? உன்ரை வாயும் எனக்குத் தெரியும்."

வழக்கு முடியவேயில்லை, கோடு மூடப்பட்டுப் போனது. ஆனால் அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அண்ணையின் கடைசி நாட்களில் ஷெல்லடிக்கு நடுவிலும் வந்து பார்த்த டாக்குத்தருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், தங்கள் வீட்டு உலையில் எங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்றைக்குக் கிணற்றடியில் சிரித்தவர்களை நான் குறை சொல்லவில்லை, சிரிப்பைத் தொடக்கிவிட்டவள் நான்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்தக் கோட்டு எழுதுவினைஞர். எண்பத்தைந்தில் அண்ணையின் முதுகுக்குப் பத்து நாள் ஒளித்து மருந்து கட்டி, இன்றுவரை வாய் திறக்காதவர், அதையும் அண்ணைதான் சொன்னார். செத்த வீட்டுக்குத் தடியூன்றி வந்திருந்தார். அரப்பு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும்போது, அண்ணையைப் புரட்டச் சொன்னேன். பெண்பிள்ளை இப்படி நிற்கக்கூடாது என்றார்கள், நின்றேன். ஒவ்வொரு தழும்பாக உரத்துச் சொன்னேன். எழுதுவினைஞர் தன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எழுதினார். ஒன்பதும் முடிந்ததும், பழக்கத்தில், கையெழுத்துக்காகத் தாளை அண்ணையின் பக்கம் நீட்டினார்.

தாளை வாங்கி, நான் வைத்தேன் கையெழுத்தை.