சோக்கில் மாட்டிய துணிக்கிளிப்

"அண்ணே, கார்புரேட்டர் ஸ்குரூவத் தொடாதீங்க," என்றார் மெக்கானிக் விஜயன்.

"தொட்டா என்ன, கடிச்சிடுமா?" என்றார் ரேமண்ட். "ஒரு வாரமா ஐட்லிங்ல எஞ்சின் நிக்கல, அணைஞ்சிடுது. கார்புரேட்டர ரெண்டு தடவ கழுவிட்டேன். ஜெட்டு பளபளன்னு இருக்கு."

"கார்புரேட்டர்ல ஒண்ணுமில்லண்ணே. பிரேக்க மிதிங்க."

ரேமண்ட் மிதித்தார். தடுமாறி ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இன்னும் இறங்கி, அணையப் பார்த்தது. விஜயன் எஞ்சினிலிருந்து, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்தார். எஞ்சின் உடனே சீரானது.

"பாத்தீங்களா? பூஸ்டர் உள்ள கிழிஞ்சிருக்கு. அது வழியா காத்து எஞ்சினுக்குப் போவுது. இன்னைக்கு எஞ்சின் அணையுது. நாளைக்கு பிரேக் கல்லாயிடும், மிதிச்சாலும் பிடிக்காது. ரெண்டு நாள் லோரிய விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாள் ஐஸ யார் தலையில தூக்குறது, உன் தலையிலயா? வேணாம் லா."

கிள்ளான் அருகே மேரு என்ற ஊரிலிருந்த அந்தப் பட்டறை வாசலில் நின்று இத்தனையையும் கேட்டவள் ரேமண்டின் மனைவி சாந்தமேரி. அப்போதே சாவியைப் பிடுங்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறாள்.

போர்ட் கிள்ளானிலிருந்து பூச்சோங் மீன் கடைகளுக்கு இருபத்திரண்டு வருடமாக ஐஸ் ஏற்றியவர் ரேமண்ட். மற்றவர்கள் டீசலுக்கு மாறியபோதும் தன் பழைய பெட்ரோல் லோரியை விடவில்லை. ஓட்டுநர்கள் அவரைக் 'கார்புரேட்டர் ரேமண்ட்' என்றார்கள். ஓடும் எஞ்சினின் ஏர் ஃபில்டர் மூடிமேல் இருபது காசு நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டுவார், அது விழாது. அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாகத் தவறான இடத்தைக் கழுவிக்கொண்டிருந்ததாக விஜயன் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வார்?

அன்று மாலை ரேமண்ட் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து ஒரு துணிக்கிளிப்பை எடுத்தார். ஸ்டியரிங் பக்கமிருந்த சோக் குமிழைச் சற்று இழுத்து, அது திரும்பிப் போகாதபடி கிளிப்பை மாட்டினார். பெட்ரோல் கூடுதலாக இறங்கியதில் எஞ்சின் அணையாமல் நின்றது. நாணயமும் நின்றது.

"வந்து பாரு சாந்தா! விஜயன் நிக்க வைப்பானா?"

"பிரேக்கு?"

"பிடிக்குது லா. கொஞ்சம் டைட்டு, அவ்வளவுதான்."

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் பூச்சோங் பாசாருக்கு, சந்தைச் சாமான் வாங்க, அவளும் கூடப் போவாள். முதல் சிக்னலில் அவர் ஒரு காலால் மிதித்தார், லோரி கோட்டைத் தாண்டி நின்றது. இரண்டாவதில் இருக்கையிலிருந்து எழும்பி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பையும் பெடல்மேல் போட்டார். சோக் குமிழில் கிளிப் எஞ்சினோடு சேர்ந்து கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தது.

பூச்சோங்குக்கு இறங்கும் சரிவுக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தம். லோரியை உருளவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து அங்கே நிறுத்தினார். கீழே, சரிவு முடியும் இடத்தில், சிவப்பு விளக்குக்காக மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நின்றன.

"நீ இங்க இறங்கி பஸ்ல வா."

"ஏன், என் வெயிட்டு ஜாஸ்தியா?"

அவர் சிரிக்கவில்லை. விஜயன் சொன்னதை இவர் அன்றைக்கே நம்பிவிட்டார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"ஐஸ் உருகுது, சாந்தா." குறுக்கே எட்டி அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவள் படியில் கால் வைத்து இறங்கிய பிறகும் கதவை உடனே சாத்தவில்லை.

"ஏதாச்சும் ஆனா, விஜயன் சொன்னத யாருகிட்டயும் சொல்லிடாத."