செல்வி அக்காவின் காரில் ஒரு போர்நிறுத்தம்

பினாங்குக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்குவோம். கடைக்கார மலாய் அம்மாள், என்னுடன் வேலை பார்க்கும் பிலாலிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமே சொல்வார். "இன்று சம்பல் காரம் அதிகம், அவரிடம் உங்கள் மொழியில் சொல்லிவிடு" என்பார் மலாயில். பிலால் லாகூர்க்காரர். நான் காரைக்குடிக்காரி. அவருடைய உருதுவில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, இந்தியும் படித்ததில்லை. சண்டை போடுவதென்றாலும் நாங்கள் ஆங்கிலத்தில்தான் போட்டாக வேண்டும். ஆகவே நான் பிலாலைப் பார்த்து "பெடாஸ்" என்பேன். காரம் என்பதற்கு அந்த அம்மாள் சொன்ன அதே மலாய்ச் சொல். அவர் தலையாட்டுவார். மொழிபெயர்ப்பு இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் அம்மாளுக்குப் பரம திருப்தி.

எங்களை ஏற்றிப் போவது செல்வி அக்கா. புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். அதே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். நாங்கள் மூவரும் ஜார்ஜ் டவுனில் ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பதால், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு அவர் காரில் போய்வருகிறோம். எங்கள் தயவில் பிலாலுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருந்தன: அக்கா, போலாம், போதும். ஒரு குடும்பத்தை நடத்த இவை போதும் என்பது செல்வி அக்காவின் கருத்து. பிலாலின் மனைவி சனாவும் நான்கு வயது மகள் ஹிபாவும் அப்போது லாகூரிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தார்கள். குழந்தைக்கு எந்த நிறத்தில் கட்டில் வாங்குவது என்பதே ஒரு வாரமாகக் காரில் பேச்சு.

அந்த வாரத்தில்தான் இந்தியாவின் வடக்கு எல்லையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. அப்பாவிகள் செத்துப்போனார்கள். தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் வரைபடத்தின் மேல் அம்புக்குறிகளை நகர்த்தினார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சியின் குரல் வந்தது: "அந்தப் பாகிஸ்தான்காரனோட ஒரே காருல போறியாமே! நாளையிலேருந்து பஸ்ஸுல போ, ஆத்தா." பிலாலின் குடும்பத்திலும் யாரோ ஒரு பெரியவர் அவருக்கு ஏறக்குறைய இதையே சொன்னாராம். பிறகுதான் தெரியவந்தது.

காரைக்குடியில் இருந்தவரை பாகிஸ்தான் எனக்கு ஒரு கிரிக்கெட் ஸ்கோர், அவ்வளவுதான். என் தம்பி சுப்பையா பட்டாளத்தில் சேர்ந்த பிறகே அது ஓர் இடமாயிற்று. கடையும் கணக்கும் தவிர வேறு தொழில் அறியாத வீடு எங்களுடையது. "நம்ம பக்கம் யாருடா துப்பாக்கி தூக்குனா?" என்று கேட்ட அப்பச்சி, அதாவது என் அப்பா, அவனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியதும் வட இந்தியாவின் வானிலை அறிக்கையைப் பார்க்க ஆரம்பித்தார். சுப்பையா அப்போது எல்லையில் இருந்தான். ஊரில் இருந்தால் எல்லை எனக்கு ஈராயிரம் கல் தொலைவு. இங்கே, முன் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தது.

சில நாட்களில் சண்டை மூண்டு, இரு நாடுகளும் வான்வெளியை மூடின. சனாவும் ஹிபாவும் விமான நிலையம் வரை வந்து, பயணம் ரத்தானதால் எல்லையோரத்தில் இருந்த தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு அவர்களுடைய போன் கிடைக்கவில்லை. சுப்பையாவின் போனும் அணைந்திருந்தது. என் தம்பிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டுவேன். அந்த வேண்டுதல் அங்கே யார் வீட்டுக் கூரையில் போய் விழும் என்ற நினைப்பு வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அந்த ஆட்களை உங்கள் நாடு ஏன் விட்டுவைத்திருக்கிறது, பிலால்?"

அவர் திரும்பவில்லை. "எங்கள் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்தபோது என் பள்ளித் தோழன் செத்தான். அன்றைக்கே நானும் இதைத்தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. உனக்கு நான் எங்கிருந்து கொண்டுவருவது?" என்றார்.

செல்வி அக்கா காரை ஓரங்கட்டினார். இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மட்டும் இறங்கிப் போய், கட்டுப்போட்ட நெகிழிப் பைகளில் பாலில்லாத ஐஸ் தேநீர், மூன்று தே ஓ ஐஸ் வாங்கிவந்தார்.

"எனக்கு இந்த அரசியல்லாம் தெரியாதுலா," என்றார். "டிவில பேசுறவன் வீட்டு ஆளு யாரும் அங்க மாட்டிக்கல. ஒங்க ரெண்டு பேரு வீட்டு ஆளுங்களும் மாட்டிருக்காங்க. என் கெரெத்தால, இந்தக் காருக்குள்ள, நியூஸ் வேணாம். பிலால் தம்பி, நீ இவ தம்பிய பத்திக் கேளு. மெய்யம்மை, நீ அவரு பாப்பாவ பத்திக் கேளு. அது போதும்." பிறகு பிலாலுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

"போதும்," என்றார் பிலால், தமிழில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றிலிருந்து காலையில் காரில் ஏறியதும் அவர் "உன் தம்பி?" என்பார். "தகவல் இல்லை. ஹிபா?" "தகவல் இல்லை." மலேசிய அரசு இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தது. ஊரில் இருந்தபோது அப்படிப்பட்ட அறிக்கைகளைக் கேட்டு நகைத்திருக்கிறேன், யாருக்கும் வலிக்காத வாக்கியங்கள் என்று. அந்த நாட்களில், நிதானமாக ஒரு கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது எத்தனை கடினம் என்பது புரிந்தது.

போர்நிறுத்தம் அறிவித்த மறுநாள், நாங்கள் காரில் இருக்கும்போதே சுப்பையாவின் செய்தி வந்தது: "சாப்பிட்டேன். நல்லா இருக்கேன்." நான் வாய் திறக்குமுன்பே என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு பிலால் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் போன் அப்போதும் ஊமையாகவே கிடந்தது. சனாவின் குரல் அவருக்குக் கிடைத்தது மறுநாள்தான். அன்று தொழிற்சாலை உணவகத்தில் எங்கள் மேசைக்கே அவர் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தந்தார்.

வான்வெளி திறந்து, வேறொரு நாட்டைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்துசேர்ந்தார்கள். வரவேற்கச் செல்வி அக்காவின் கார்தான். அப்பாவை அடையாளம் தெரியாமல் மிரண்ட ஹிபாவைச் செல்வி அக்கா தன் சினிமா இந்தியில் கொஞ்சினார். என்ன சொன்னாரோ, சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; குழந்தையும் சிரித்துவிட்டது. பின் இருக்கையில் சனாவுக்கும் எனக்கும் நடுவே உட்கார்ந்தவள், கடல்மேல் பினாங்குப் பாலம் தெரியத் தொடங்குவதற்குள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

அப்போது சுப்பையா வீடியோவில் அழைத்தான். அவனுக்குப் பின்னால் வரிசையாக இரும்புக் கட்டில்கள். கொடியில் ஒரு சீருடைச் சட்டை.

"ஆச்சி, மடியில யாரு?" எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.

"கூட வேலை பாக்குறவரோட பொண்ணு."

"எந்த ஊரு?"

செல்வி அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிலாலுக்குத் தமிழ் புரியாது.

"பினாங்குடா," என்றேன்.

"அசந்து தூங்குது. மெதுவாப் பேசு ஆச்சி, முழிச்சுக்கப் போகுது," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை அவன் அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டு வந்தோம்.