கிளிக் கூண்டுகள் நடுவே ஒரு கேஜ்

ஒரே நாளில் கர்த்தரிடம் இரண்டு ஜெபம் பண்ணினேன். காலையில் கேட்டதை அவர் தந்திருந்தால், இன்று உங்கள் முன்னால் விதவையாகத்தான் நின்றிருப்பேன்.

தங்கச் சுரங்கம் மூடுவதற்கு நாலைந்து வருடம் முன்பு நடந்தது. நாங்கள் கோரமண்டல் என்கிற சுரங்கக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் தேவராஜுக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. மகள் ஷீலா ஒன்பதாம் வகுப்பு. பெங்களூரில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் போட்டி, அதற்கு எங்கள் பள்ளியிலிருந்து இவள் ஒருத்திதான் தேர்வானாள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்போம். கயிறு அறுந்தாலும் கேஜ் விழாமல் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்வதுதான் அவளுடைய மாடல். என் நல்ல குடையின் ஸ்பிரிங் அதற்குள் போயிற்று. கத்தரியால் நூலை அறுப்பாள், குட்டி கேஜ் டக்கென்று நின்றுவிடும். ‘கேஜ் சேஃப்டி’ என்று பெயர் எழுதி அனுப்பினாள்.

போட்டியன்று அப்பாவும் மகளும் முதல் ரயிலில் கிளம்பினார்கள். "பிள்ளைய டீச்சராண்ட உட்டுட்டு மத்தியான ரயில்ல வந்துடறேன். ஸ்டேஷன்லேந்து நேரா ஷிஃப்டுக்குப் போயிடுவேன். சோத்த யேசுதாஸ் அண்ணங்கிட்ட குடுத்தனுப்பு" என்றார். யேசுதாஸ் அண்ணன் பக்கத்து வீடு. இருவருக்கும் சுரங்கத்தில் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை. அவர் மனைவி ரூத் அக்காவும் நானும் சபையில் ஒரே பாயில் உட்காருகிறவர்கள்.

ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த நேரத்தில் ஷிஃப்ட் தவறினால் என்ன ஆகுமோ என்று பயம். முழங்கால் போட்டு, "கர்த்தாவே, அவர் ரயிலைத் தவறவிடாமல் வேலைக்கு வந்து சேரட்டும்" என்று ஜெபித்தேன். டிபன் பாக்ஸையும் அண்ணனிடம் கொடுத்தேன்.

மத்தியான ஷிஃப்ட் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வீடு குலுங்கியது. அலமாரித் தட்டுகள் கீழே விழுந்தன. ஏர்பிளாஸ்ட். பூமிக்கடியில் பாறை வெடிப்பதை அப்படித்தான் சொல்வோம். சின்னதாக வந்தால் அடுப்பை விட்டு எழக்கூட மாட்டோம். இது சின்னதில்லை. சைரன் கேட்டதும் ரூத் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் ஒரே கூட்டம். வெடித்தது எங்கள் ஆட்களின் லெவலில்தான் என்றார்கள்.

"எங்க வூட்டுக்காரர் எறங்கினாராண்ணா?" என்று கேஜ் இறக்குகிற ஆளைப் பிடித்துக் கேட்டேன்.

"தெரிலம்மா. கேஜ் நெறைய ஆளுங்க. நான் யாரைன்னு பாக்கறது?"

காலையில் கேட்ட ஜெபம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மண்ணில் உட்கார்ந்து, "கர்த்தாவே, நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். காலையில் கேட்டதை எனக்குத் தராதேயும்" என்று அழுதேன். பக்கத்தில் ரூத் அக்காவும் ஜெபித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட உருக்கமாக ஜெபிக்கிறவள் அவள்.

பொழுது சாயும்போது அவர் வந்தார். ஷாஃப்டிலிருந்து இல்லை, ரோட்டிலிருந்து. தோளில் மாடல், பக்கத்தில் ஷீலா. நான் அவர் சட்டையைப் பிடித்து அடித்தேனா கட்டிக்கொண்டேனா என்று எனக்கே நினைவில்லை.

"இன்னாமே பண்றது, ‘கேஜ்’னு பேரைப் பாத்துட்டு, கிளியும் மொயலும் வச்சினுகீற பசங்களோட புள்ளைய உக்கார வச்சிட்டாங்க. டீச்சர் ஒண்டியா இன்னா பண்ணுவாங்க? எடத்த மாத்தறதுக்குள்ள ரயிலு போயிடுச்சி" என்றார்.

எங்கள் ஊரில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. வெளியூர்க்காரர்களுக்கோ கேஜ் என்றால் கிளிக் கூண்டுதான். சுரங்கம் என்று கூட ஒரு வார்த்தை எழுத எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கயிறு அறுந்த கேஜை ஸ்பிரிங் பிடிப்பதுபோல, கர்த்தர் அந்த விட்டுப்போன வார்த்தையைக் கொண்டு என் கணவரைப் பிடித்து நிறுத்தினார். ஷீலாவுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

யேசுதாஸ் அண்ணனை மறுநாள் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

அதற்குப் பிறகு சபையில் எழுந்து, கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூத் அக்காவை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது? ஒருநாள் அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் கழுவித் துடைத்த எங்கள் டிபன் பாக்ஸ்.

"அவரு பையில இருந்திச்சி" என்று கொடுத்தாள். பிறகு, "இன்னும் சாட்சி சொல்லாம கீறியாமே?" என்றாள்.

"உங்க முன்னாடி எப்பிடிக்கா..."

"உன் வூட்டுக்காரர் ரோட்டுல நடந்து வந்தப்பவே நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். நீ இன்னும் சொல்லல."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் ஜெபத்துக்கு ஏன் அந்தப் பதில் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன்.

அன்றிலிருந்து நான் கர்த்தருக்கு ரயில் நேரம் சொல்லி ஜெபிப்பதில்லை. கேட்டது நடக்கவில்லையே என்று மனம் உடைந்து யாராவது இங்கே இருந்தால், கொஞ்சம் பொறுத்திருங்கள், அவரை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் அழுகிறவளின் கையையும் விட்டுவிடாதீர்கள். ரூத் அக்கா இன்றும் அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் முடித்ததும் முதல் ஆமென் அவள்தான் சொல்வாள்.