நீந்திக் காட்டிய நாய்

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவில், நாய்க்கு வெறி பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். நாயைப் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் ஏரியில் தூக்கிப் போடுவார்கள். நீந்திக் கரையேறினால் நல்ல நாய். வெறிநாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஊர்க்காரர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட சோதனை அது. அந்தச் சோதனைதான் என் மாமா மகளைக் கொன்றது. பிழைப்புக்காக நான் எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். உப்பளம், செங்கல் சூளை, லாரி கிளீனர் வேலை. முட்டாள்தனம் இல்லாத ஊரே இல்லை. அதை இவ்வளவு பெருமையோடு செய்தவர்களை மட்டும் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிஸ்கெட் அவளுடைய நாய். நிறத்தைப் பார்த்து அவள் வைத்த பெயர். அவள் என்னைவிடப் பெரியவள், எனக்கு அக்கா. மணலில் காயப்போட்ட கருவாட்டைக் காக்கைகள் தூக்காமல் காப்பது அந்த நாயின் வேலை. வேலை முடிந்ததும் அக்காவின் பாவாடைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

வருஷத்துக்கு ஒரு முறை கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறி வருவார். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி, இலவசமாக. அவரைக் கண்டதும் நாய்களை விரட்டி விடுவார்கள். அந்த வருஷம் பிஸ்கெட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது, மாமா வலையின் கிழிசலிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

“இன்னா சார், ஊசி போட்டா நாயி மந்தமாயிடும். அப்பறம் காக்காவ நீ வந்து ஓட்டுவியா?”

“ஒண்ணும் ஆவாதுங்க. ஒரு நாள் சோர்வா இருக்கும், அவ்ளோதான்.”

“வெறிநாய்க்குத் தண்ணின்னா பயம். எங்களுக்கு நாலு பக்கமும் தண்ணி. அது எப்டி வரும்? படகுல ஏறி ஒக்காந்துனு வருமா? டிக்கெட்ட யாரு எடுக்கறது, நீயா?”

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது சின்னப் பையனாக இருந்த நானும் சிரித்தேன்.

“ஒங்க நாயிங்கதான் தெனம் மீன் படகுல அக்கரைக்குப் போயினு வருதேங்க” என்றார் அவர்.

மாமா அடுத்த கிழிசலைத் தேடி வலையை இழுத்தார். அக்கா மட்டும், “போட்டா இன்னா நைனா?” என்று கேட்டாள். “கம்முனு இரு” என்றார் மாமா. ஐஸ் பெட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போனது.

அந்தக் கோடையில் மீன் கூடைகளோடு அக்கரையில் இருக்கும் பழவேற்காட்டு ஊருக்குப் போன படகில் பிஸ்கெட்டும் தாவி ஏறியது. அங்கே ஒல்லாந்துக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு தெருநாய் அதன் காதைக் கிழித்துவிட்டது. மாமா மஞ்சளை அப்பினார். காது ஆறியது. சில வாரம் போன பிறகு நாய் சோற்றைத் தொடவில்லை. குரல் கம்மிப்போய், வாயோரம் எச்சில் ஒழுகியது. அள்ளி ஊட்டப் போன அக்காவின் கையைக் கடித்துவிட்டது.

“இந்தாய்யா, பொண்ண பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்னு போயிடலாம்யா. எனக்கு பயமா கீது” என்று அத்தை அழுதாள்.

மாமாவுக்கு மகள் என்றால் உயிர். அதனால் அலட்சியமாக இருந்துவிடவில்லை. உடனே நாயைப் படகில் ஏற்றினார். ஊரே கரையில் கூடியது. அவர் தூக்கி எறிய, பிஸ்கெட் முழுகி, மேலே வந்து, கோணல் மாணலாகக் காலடித்து நீந்தி வந்தது. திருவிழாபோல ஒரே சத்தம். அக்கா இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய், துணி சுற்றிய கையாலேயே அதை அணைத்துத் தூக்கினாள்.

“இப்ப வரச் சொல்றா அந்த ஊசிக்காரன!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமா அத்தையிடம் வந்தார். “நீந்துச்சா இல்லியா? நீயே பாத்த இல்ல? போய் ஒலைய வை, போ.”

வெறி பிடித்த நாயும் நீந்தும். தண்ணீர் இறங்காமல் தொண்டை இழுத்துக்கொள்வது மனிதனுக்கு வரும் கொடுமை. ஐஸ் பெட்டிக்காரரிடம் சிரிக்காமல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பிஸ்கெட் சீக்கிரமே செத்துப்போனது. கரையில் கிடந்த பேத்தை மீனைத் தின்று விஷம் ஏறிவிட்டது என்றார் மாமா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். எதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அக்கா செத்த பிறகு, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லவும் அதே வாய்கள்தான் வந்தன.

வாடைக்காற்று தொடங்கிய சமயம், கடிபட்ட கை எரிகிறது என்றாள் அக்கா. அடுத்துக் காய்ச்சல். காற்று முகத்தில் பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறினாள். அதற்குப் பிறகுதான் மாமா படகை எடுத்தார். அக்கா என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார்.

“கடிச்ச அன்னிக்கே ஏம்மா வரல?”

மாமாதான் முன்னால் வந்து, குரலை உயர்த்திச் சொன்னார். “அது நல்ல நாயி சார். ஏரில போட்டுப் பாத்தோம், நீந்தி வந்துச்சு. ஊரே சாட்சி. தோ, இவனும் பாத்தான், கேளுங்க.”

நான் பெருமையாகத் தலையாட்டினேன். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பதில் இல்லை, மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். கட்டிலுக்கு ஓடி, அக்காவின் காதருகே குனிந்தேன்.

“அக்கா, டாக்டரே ஒத்துக்கினாரு. நாளைக்கு வூட்டுக்குப் போயிடலாம்.”